பம்பர் மாத்தின பிறகு வந்த "பெடஸ்ட்ரியன்" வார்னிங்: ஓட்டலாமா, கோடிங்ல ஆஃப் பண்ணிடலாமா?

கேள்வி: அண்ணா வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். வீட்டுக்காரர் போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல 2018 மாடல் ஜெர்மன் செடான் ஒண்ணு வாங்கினார், தினமும் ஸ்கூலுக்கு நான்தான் எடுத்துட்டுப் போறேன். ரெண்டு மாசம் முன்னாடி பெருந்துறை பைபாஸ்ல 70ல போயிட்டிருந்தப்ப ஒரு நாய் குறுக்க வந்து முன் பம்பர் உடைஞ்சிடுச்சு. தெரிஞ்ச பட்டறைல வேற பம்பர் போட்டு பெயிண்ட் அடிச்சோம். பத்து நாள் கழிச்சு ஒரு மழைக்கு அப்புறம் மஞ்சள் கலர்ல "பெடஸ்ட்ரியன் ப்ரொடெக்ஷன் சிஸ்டம் ஃபால்ட்"னு வந்துச்சு. வீட்டுக்காரரோட ஃபிரண்ட் ஸ்கேனர் வச்சு அழிச்சார், மறுநாளே திரும்ப வந்துடுச்சு. வண்டி ஓடறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, கோடிங்ல, அதாவது காரோட கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி, ஆஃப் பண்ணிடலாம்னு பட்டறைக்காரர் சொல்றார். ஓடும்போது போனட் திடீர்னு திறந்துக்குமோனு எனக்கு பயமா இருக்கு. அப்படி ஒரு சிஸ்டம் இருந்தா நாய் அடிபட்டப்ப ஏன் ஒண்ணும் ஆகலை? என் தம்பியோட எஸ்யுவிலயும் மழைன்னா "ரேடார் ப்ளாக்டு"னு வருதாம், ரெண்டும் ஒரே பிரச்சனையா?

பதில்: வணக்கம் தங்கச்சி. நாளைக்கு காலைல ஸ்கூலுக்கு வண்டிய எடுக்கலாமாங்கிறதுதான் முதல்ல தெரியணும், அதனால அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். வண்டிய வெளிச்சத்துல நிறுத்தி, கண்ணாடி பக்கம், அதாவது வைப்பர் இருக்கிற பக்கம் போனட்டோட பின் ஓரத்தைப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஃபெண்டரோட, அதாவது முன் சக்கரத்துக்கு மேல இருக்கிற தகடோட, சமமா உக்காந்திருக்கா, இல்ல ஒரு பக்கமாவது விரல் போற அளவுக்கு தூக்கி நிக்குதா? சமமா இருந்து, சிவப்பு ஏர்பேக் லைட்டும் எரியலைன்னா ஓட்டலாம். இன்ஜின், பிரேக், ஸ்டியரிங் எதையும் இந்த ஃபால்ட் தொடாது. பட்டறைக்காரர் சொன்னதுல அந்த அளவுக்கு உண்மை இருக்கு.

பின் ஓரம் தூக்கி இருந்தா கதை வேற. சிஸ்டம் ஏற்கனவே வேலை செஞ்சு முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம், போனட் அதோட இடத்துல இறுகி உக்காந்து இல்ல, ரோடும் மறைக்கும். அப்ப ஓட்டிட்டுப் போகாதீங்க, டோ பண்ணச் சொல்லுங்க, போனட் திறக்கிற லிவரையும் இழுக்க வேணாம், சில கம்பெனி மேனுவல்லயே அப்படித்தான் போட்டிருக்கு. ஏர்பேக் லைட்டும் சேர்ந்து எரிஞ்சா அதுவும் அவசரம்தான், ஏன்னா நெறைய கார்ல இந்த பாதசாரி சிஸ்டத்தையும் உங்க ஏர்பேக்கையும் ஒரே கன்ட்ரோல் யூனிட்தான் பாத்துக்குது, அங்க பிரச்சனைன்னா உங்க நெஞ்சுக்கு முன்னாடி விரியவேண்டிய பையும் விரியாமப் போகலாம்.

இப்ப அது என்ன சிஸ்டம்னு சொல்றேன், ஏன்னா அது தெரிஞ்சாத்தான் கோடிங் விஷயத்துல நீங்களே முடிவெடுக்க முடியும். நடந்து போறவர் மேல கார் மோதினா முதல்ல பம்பர் கால்ல படும், உடனே உடம்பு சாஞ்சு தலை வந்து போனட்ல அடிக்கும். போனட் தகடு மெல்லிசு, அது நசுங்கும், அது நல்லதுதான், நசுங்கற தகடு அடிய வாங்கிக்கும். ஆனா தகடுக்கு கீழ ரெண்டு மூணு விரல் இடைவெளிலயே இன்ஜின் தலை, சஸ்பென்ஷன் டவர், பேட்டரி, வைப்பர் லிங்க், கீல் எல்லாம் இரும்பா உக்காந்திருக்கு. தகடு நசுங்கி அதுல போய் முட்டின நிமிஷம் தலை அடிக்கிறது இரும்புலதான். அந்த இடைவெளிய இன்னும் சில சென்டிமீட்டர் கூட்டினாலே பொழைக்கிறதுக்கும் போயிடறதுக்கும் நடுவுல வித்தியாசம் வரும், அதுக்குத்தான் உங்க கார்ல ஆக்டிவ் போனட்னு ஒண்ணு இருக்கு. கால் பட்டதும் போனட்டோட பின் பக்கத்தை மட்டும் சட்டுனு தூக்கிடும், தலை வந்து சேர்றதுக்கு முன்னாடியே தூக்கி முடிச்சிருக்கணும், கண் இமைக்கிற நேரம்கூட இல்ல. அவ்வளவு வேகத்துக்கு மோட்டார் எல்லாம் ஆகாதுங்கிறதால கீல் பக்கத்துல சின்ன வெடிமருந்து வச்ச ஆக்சுவேட்டர், அதாவது தூக்குற கருவி, இருக்கும், சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற ப்ரீடென்ஷனர்ல இருக்கிற அதே சமாச்சாரம். வெடிமருந்து இல்லாம ஸ்பிரிங்ல தூக்குற கார்களும் இருக்கு, அதுல சிலதை திரும்ப அமுக்கி உக்கார வச்சிடலாம், வெடிமருந்து வகைன்னா ஒரு தடவை வெடிச்சா புதுசு போட்டே ஆகணும்.

ஹோண்டா 2004லயே ஜப்பான்ல லெஜண்ட் கார்ல இதைக் கொண்டு வந்தாங்க, அடுத்த வருஷமே ஐரோப்பால சிட்ரோயன் சி6ல வந்துச்சு. வோல்வோ 2012ல வி40 கார்ல ஒரு படி மேல போய் போனட்டுக்கு வெளிய கண்ணாடியோட கீழ் பாகத்தை மூடுற மாதிரி ஒரு ஏர்பேக்கே வச்சாங்க. இதுக்கெல்லாம் டெஸ்ட் லேப்ல ரெண்டு வகை செயற்கைத் தலை வச்சிருக்காங்க, பெரியவங்களுக்கு 4.5 கிலோ, குழந்தைக்கு 3.5 கிலோ, அதை போனட் மேல மணிக்கு 35 கி.மீ வேகத்துல எறிஞ்சு எவ்வளவு அடி வாங்குதுன்னு அளப்பாங்க, ஐரோப்பாவோட கார் பாதுகாப்பு டெஸ்டான யூரோ என்கேப்ல 40. நீங்க டீச்சர்ங்கிறதால அந்த 3.5 கிலோ கணக்கைச் சொல்லத் தோணுச்சு.

கால் பட்டதை கார் எப்படிக் கண்டுபிடிக்குதுங்கிறதுலதான் உங்க பிரச்சனையோட வேர் இருக்கு. பெரும்பாலான கார்ல கேமரா எல்லாம் இதுல கிடையாது. வெளிய தெரியற பிளாஸ்டிக் பம்பரை கழட்டினா உள்ள தெர்மோகோல் மாதிரி கெட்டியான ஒரு நீளமான ஃபோம் இருக்கும், அதுக்குப் பின்னாடி இரும்பு இல்லன்னா அலுமினிய பீம். அந்த ஃபோம்ல இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு பள்ளம் வெட்டி அதுல ஒரு ரப்பர் டியூப் போகும், சலைன் டியூப்பை விட கொஞ்சம் தடிமன்னு வச்சுக்கோங்க. உள்ள காத்து தவிர ஒண்ணும் இல்ல. ரெண்டு முனைலயும் ஒவ்வொரு பிரஷர் சென்சார். கால் பட்டா ஃபோம் அமுங்கும், டியூப் நசுங்கும், உள்ள இருக்கிற காத்து ரெண்டு பக்கமும் ஓடி சென்சாரை அடிக்கும், எந்தப் பக்கம் எவ்வளவு பிரஷர் எவ்வளவு சீக்கிரம் ஏறுச்சுங்கிறதை வச்சு கன்ட்ரோல் யூனிட் இது மனுஷ காலா இருக்கலாமா, இல்ல பறந்து வந்த அட்டைப் பெட்டியானு முடிவு பண்ணும். சில கார்ல டியூப்புக்குப் பதிலா பம்பருக்குள்ள அதிர்வைப் பாக்குற சென்சார் ரெண்டு மூணு வச்சிருப்பாங்க. எதுவா இருந்தாலும் எல்லாம் பம்பருக்கு உள்ளதான் ஒளிஞ்சிருக்கு, பம்பர் மாத்துறவர் கண்ணுல முதல்ல படறதும் அதுதான், இது எதுக்குன்னு தெரியாம கையாளப்படறதும் அதுதான்.

நாய் அடிபட்டப்ப ஏன் தூக்கலைன்னு கேட்டீங்க. இந்த சிஸ்டத்துக்கு ஒரு வேக எல்லை உண்டு, கம்பெனிக்கு கம்பெனி மாறும், பொதுவா மணிக்கு 25லேர்ந்து 55 கி.மீ வரைக்கும். நீங்க 70ல போயிருக்கீங்க, அது எல்லைக்கு வெளிய. நாய் சின்னதா இருந்து பம்பரோட கீழ் உதட்டுல மட்டும் பட்டிருந்தா ஃபோமும் சரியா அமுங்கியிருக்காது. அதனால அன்னிக்கு தூக்காதது கோளாறு இல்ல. அந்த எல்லையோட உங்க ரூட்டையும் சேர்த்துப் பாருங்க, ஸ்கூல் இருக்கிற தெருவுல நீங்க 30ல போவீங்க, அதிகம்னா 40, இந்த சிஸ்டம் எந்த வேகத்துக்குன்னு செஞ்சாங்களோ அதே வேகத்துலதான் நீங்க தினமும் ரெண்டு தடவை குழந்தைங்களுக்கு நடுவுல ஓட்டுறீங்க.

ஓடும்போது போனட் திறந்துக்குமாங்கிற பயத்தை விட்டுடுங்க. ஃபால்ட்னு மெசேஜ் வந்தா, என்னை நம்பாதீங்க, நான் வேலை செய்ய மாட்டேன்னு சிஸ்டம் சொல்லுதுன்னு அர்த்தம். அப்படியே வேலை செஞ்சாலும் தூக்குறது பின் ஓரத்தை மட்டும்தான், முன்னாடி லாக் பிடிச்சுதான் இருக்கும், பழைய வண்டில லாக் விட்டுப்போய் போனட் காத்துல எகிறி கண்ணாடில அடிக்கிற மாதிரி இது அடிக்காது. நல்லா இருக்கிற சிஸ்டம் சில நேரம் மனுஷன் இல்லாத எதுலயாவது மோதினாலும் தூக்கும், பெரிய நாய், ரோட்ல வைக்கிற கோன், குப்பைத் தொட்டி இந்த மாதிரி. பாதசாரியானு சந்தேகம் வந்தா தூக்கிடுறதுதான் நல்லதுன்னு நினைச்சு செஞ்சது அது.

அப்ப இந்த ஃபால்ட் ஏன் வந்துச்சு? பம்பர் போட்டு பத்து நாள் கழிச்சு, மழைக்கு அப்புறம்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரி எனக்கு நெறைய சொல்லுது. பட்டறைலேர்ந்து வந்த அன்னிக்கே வந்திருந்தா கனெக்டரை மாட்டவே இல்லைன்னு சொல்லியிருப்பேன். பத்து நாள் ஓடி மழை பெஞ்ச பிறகுன்னா கனெக்டர் பாதி மட்டும் மாட்டி லாக் ஆகாம இருந்திருக்கலாம், தண்ணி உள்ள போகாம இருக்கிற ரப்பர் சீல் வழுக்கியிருக்கலாம், இல்ல வயர் பம்பர் பிராக்கெட்டுக்கு நடுவுல மாட்டி தோல் உரிஞ்சிருக்கலாம். என் முதல் சந்தேகம் கனெக்டர் மேலதான். அடுத்த சந்தேகம் எலி, இதை சாதாரணமா எடுத்துக்காதீங்க, ஒரு ராத்திரி போதும் அதுக்கு, போனட் திறந்து கீல் பக்கம் போற வயரையும் பேட்டரி பக்கமும் கடிச்ச தடம், புழுக்கை இருக்கானு டார்ச் அடிச்சுப் பாருங்க. பேட்டரி வயசாகி வோல்டேஜ் இறங்கினாலும் இந்த மாதிரி சம்பந்தமில்லாத வார்னிங் எல்லாம் கூட்டமா வரும், ஆனா உங்களுக்கு இது ஒண்ணுதான் வருதுங்கிறதால அதை பின்னாடி தள்ளி வைக்கிறேன்.

ஃபிரண்ட் அழிச்சும் திரும்ப வந்ததுக்கு காரணம் ரொம்ப சாதாரணம். ஒவ்வொரு தடவை இக்னிஷன் போடும்போதும் யூனிட் தன்னைத் தானே சோதிச்சுப் பாக்குது, கோளாறு அங்கயே இருந்தா மறுபடி எழுதி வச்சிடும். ஜுரம் வந்த குழந்தைக்கு தெர்மாமீட்டரை உதறி வச்சா ஜுரம் போயிடுமா? அழிக்கிறதுக்கு முன்னாடி ஸ்கேனர் காட்டின அந்த ஃபால்ட் கோடு (code) நம்பரை எழுதி வச்சிருந்தாலாவது உதவியா இருந்திருக்கும். ஆயிரம் ரூபாய்க்கு கெடைக்கிற, கார்ல சொருகி ஃபால்ட் கோடு படிக்கிற ஓபிடி டாங்கிள் பெரும்பாலும் இன்ஜின் பக்கம் மட்டும்தான் படிக்கும், இதுக்கு ஏர்பேக் மாட்யூலுக்குள்ள போற ஸ்கேனர் வேணும், ஜெர்மன் கார் வேலை செய்யற தனியார் பட்டறைகள் கோயம்புத்தூர்ல நெறைய இருக்கு, அவங்ககிட்ட இருக்கும், கம்பெனி சர்வீஸ்தான் போகணும்னு இல்ல.

என் பட்டறைல நடந்த ஒரு விஷயத்தை எழுதணும், இந்த மெசேஜ் பத்தி யார் கேட்டாலும் எனக்கு அந்த வண்டிதான் ஞாபகத்துக்கு வருது. ஒருத்தர் ஹாரன் மாத்தணும்னு வந்தார், முன் பம்பரை இறக்கினோம். டியூப் ஃபோம் பள்ளத்துல இல்ல. வேற எங்கயோ விபத்து வேலை செஞ்சவங்க டியூப்புக்கு பள்ளமே இல்லாத ஒரு ஃபோமை போட்டுட்டு, மிச்சமான டியூப்பை சுருட்டி பீமுக்குப் பின்னாடி கேபிள் டை போட்டுக் கட்டி வச்சிருந்தாங்க. டியூப் முழுசா இருக்கு, ரெண்டு சென்சாரும் மாட்டியிருக்கு, வயர் எல்லாம் சரி, அதனால டேஷ்போர்டுல ஒரு லைட்டும் கிடையாது, ஸ்கேன் பண்ணினா சுத்தமா பச்சை. ஆனா பம்பர்ல யார் கால் பட்டாலும் அந்த டியூப் நசுங்கப் போறதே இல்ல. அந்த மனுஷன் ஒன்றரை வருஷம் அப்படியே ஓட்டியிருக்கார், அவருக்கும் தெரியாது, அவர் முன்னாடி ரோடு தாண்டின யாருக்கும் தெரியாது. எனக்கு அன்னிக்கு கை வேலையே ஓடலை. கம்ப்யூட்டருக்கு சென்சார் செத்தா தெரியும், வயர் அறுந்தா தெரியும், டியூப் சரியான இடத்துல உக்காந்திருக்கானு அதுக்கு கண்ணு கிடையாது. அதனால உங்க வண்டிலயும் லைட் அணைஞ்சிருச்சுன்னு மட்டும் பாத்து வண்டிய வாங்கிக்காதீங்க, பம்பரை கழட்டி ஃபோமும் டியூப்பும் தெரியற மாதிரி ஒரு போட்டோ கேளுங்க. நல்ல மெக்கானிக் யாரும் அதுக்கு கோவிச்சுக்க மாட்டாங்க.

இப்ப கோடிங் விஷயம். டெக்னிக்கலா சில கார்ல பண்ண முடியும், அந்த சிஸ்டமே இந்த வண்டில கிடையாதுன்னு யூனிட்டுக்கு எழுதி விட்டுடுவாங்க, லைட் போயிடும். இன்னொரு வழியும் இருக்கு, ஆக்சுவேட்டர் இருக்க வேண்டிய இடத்துல ஒரு ரெசிஸ்டரை மாட்டி எல்லாம் சரியா இருக்குன்னு யூனிட்டை ஏமாத்துறது. ரெண்டையும் நான் பண்றதில்ல, பண்ணச் சொல்லி வர்றவங்ககிட்ட உக்காந்து பேசிப் பாப்பேன். ஒரு காரோட சீட் பெல்ட், ஏர்பேக் எல்லாம் உள்ள இருக்கிறவங்களுக்கு, அது வேணுமா வேணாமான்னு தப்பா முடிவெடுத்தாலும் அடிபடறது அவங்கதான். இது வெளிய நடந்து போறவங்களுக்குன்னு வச்சது. காசு போட்டு கார் வாங்கினது மாப்பிள்ளை, ஆனா அந்த போனட் தூக்குறது ஈரோடு பஸ் ஸ்டாண்டுல ரோடு தாண்டுற ஒரு பாட்டிக்காக, உங்க ஸ்கூல் வாசல்ல பந்து பின்னாடி ஓடி வர்ற ஒரு பையனுக்காக. அவங்ககிட்ட கேக்காம அதை அணைக்கிற உரிமை நமக்கு இல்லைன்னு நான் நிஜமா நம்பறேன். 2022ல மட்டும் நம்ம நாட்டு ரோட்ல 32,825 பேர் நடந்து போகும்போது அடிபட்டு செத்திருக்காங்க, மத்திய போக்குவரத்து அமைச்சகத்தோட அறிக்கைல இருக்கிற கணக்கு, ஒரு நாளைக்கு சுமார் 90 பேர். நடைபாதை இல்லாத, இருந்தாலும் கடை போட்டு மறிச்ச ஊர் நம்ம ஊர், இந்த வசதி எங்கயாவது தேவைன்னா இங்கதான் தேவை. மாப்பிள்ளைகிட்ட இதை நீங்க சொல்ற விதத்துல சொல்லுங்க, செலவை நினைச்சு அவரும் ஆஃப் பண்ணிடலாம்னு நினைக்கலாம், எதுக்குன்னு தெரிஞ்சா அவரே வேணாம்னுடுவார்.

செலவும் நீங்க பயப்படற அளவுக்கு வரணும்னு இல்ல, எங்க கோளாறுங்கிறதைப் பொறுத்தது. கனெக்டரை சுத்தம் பண்ணி சீல் மாத்துறதோட முடியலாம், டியூப்போ ஃபோமோ மாத்தணும்னா அதுக்கு மேல கொஞ்சம், கீல் பக்கத்து ஆக்சுவேட்டர்னாத்தான் கை கடிக்கும். அதனால கொட்டேஷன் கேக்கறதுக்கு முன்னாடி ரிப்போர்ட் கேளுங்க. கோடு எந்தப் பக்கம் சொல்லுது, முன் சென்சார் இடதா வலதா, இல்ல ஆக்சுவேட்டர் சர்க்யூட்டா, அந்த ஃபால்ட் இப்பவும் இருக்கா இல்ல எப்பவோ வந்து போனதா, எல்லாம் அதுல இருக்கும். இது எதுவும் பாக்காம "மொத்தமா மாத்தணும்"னு சொல்றவங்ககிட்டயும், பாக்காமலே "ஆஃப் பண்ணிடலாம்"னு சொல்றவங்ககிட்டயும் வண்டிய விடாதீங்க.

பட்டறைக்காரருக்கும் ஒரு வார்த்தை, இதைக் காட்டினாலும் சரி. ஆக்சுவேட்டர் கனெக்டர்ல மல்டிமீட்டர் வச்சு ஓம்ஸ் பாக்காதீங்க, உள்ள இருக்கிறது வெடிமருந்து, மீட்டர் அனுப்புற சின்ன கரன்ட் கூட அதை வெடிக்க வைக்க வாய்ப்பு உண்டு, கீல் பக்கத்துல கையோ முகமோ இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க. இக்னிஷன் ஆஃப் பண்ணி, பேட்டரி மைனஸ் கழட்டி, மேனுவல்ல சொன்ன நேரம் காத்திருந்து அப்புறம் தொடுங்க. ஃபோமும் டியூப்பும் சேசிஸ் நம்பர் கொடுத்து அந்த வண்டிக்கானதா வாங்குங்க, வெளிய தெரியற பம்பர் வேற கம்பெனியா இருந்தா கூட தடிமனும் கிளிப் இடமும் அதே மாதிரி இருக்கணும். புதுப்பேட்டைல பழைய கதவு, லைட், கண்ணாடி எல்லாம் வாங்கிப் போடறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, நானே வாங்கியிருக்கேன், ஆனா வெடிமருந்து இருக்கிற பார்ட்டை மட்டும் அங்க வாங்க வேணாம், அது எந்த விபத்து பாத்துச்சு, எவ்வளவு வருஷம் வெயில்ல கெடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.

வேலை முடிஞ்சு வண்டிய எடுக்கும்போது நீங்களே பண்ற ஒரு சோதனை இருக்கு. இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் லைட் சில செகண்ட் எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னா சந்தோஷப்படாதீங்க, யாரோ அந்த லைட்டையே கட் பண்ணியிருக்கலாம். கழட்டின பழைய பார்ட்டையும் கையில வாங்கிப் பாருங்க, டியூப் மாத்தினேன்னா பழைய டியூப் எங்கன்னு கேளுங்க.

பம்பர்ல வேற எதையும் மாட்டாதீங்கங்கிறதையும் சேர்த்து சொல்லிடறேன். அடுத்த தடவை நாய் அடிச்சா பம்பர் உடையாம இருக்கட்டும்னு யாராவது பம்பருக்கு முன்னாடி இரும்பு கார்டு (guard) போடச் சொல்வாங்க. 2017 டிசம்பர்லயே மத்திய அமைச்சகம் அதை சட்டவிரோதம்னு மாநிலங்களுக்கு சுற்றறிக்கை அனுப்பிடுச்சு. இந்த சிஸ்டம் இருக்கிற கார்ல அது இன்னும் மோசம், கால் கார்டுல படும், கார்டு அந்த அடிய நேரா சேசிஸுக்கு கொண்டு போயிடும், ஃபோம் அமுங்காது, டியூப் நசுங்காது, போனட் தூக்காது, காலும் இரும்புல படும்.

உங்க தம்பி வண்டிக்கு வர்றேன், அது முழுக்க வேற. அவர் வண்டில இருக்கிறது மோதறதுக்கு முன்னாடி வேலை செய்யறது, கேமராவும் ரேடாரும் முன்னாடி ஆள் இருக்கானு பாத்து பீப் அடிச்சு, நாம பிரேக் பிடிக்கலைன்னா அதுவே பிடிக்கும். "ரேடார் ப்ளாக்டு", "கேமரா அப்ஸ்க்யூர்டு"னு வந்தா பழுது இல்ல, கண்ணு மறைச்சிருக்கு. இந்த ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ்ல வேலை செய்யுது, அலை நீளம் நாலு மில்லிமீட்டர் கூட இல்ல, அதனால மூடி மேல ஒரு படலம் தண்ணி, சேறு இருந்தாலே தடுமாறும். மழை விட்டு துடைச்சதும் தானா போயிடுச்சுன்னா ஒண்ணும் செய்ய வேணாம், மழைல அந்த உதவி இருக்காதுன்னு நினைச்சு தள்ளி ஓட்டினா போதும். அதே வண்டில "செக் ஃபார்வர்டு சேஃப்டி சிஸ்டம்"னு "செக்" போட்டு வந்து வெயில்லயும் போகலைன்னாத்தான் சர்வீஸுக்கு போகணும். முன் கண்ணாடி மாத்தியிருந்தா கேமராவை கேலிப்ரேட் பண்ணினாங்களானு, அதாவது சரியா பாக்குற மாதிரி திரும்ப செட் பண்ணினாங்களானு, கேக்கச் சொல்லுங்க, கண்ணாடி கடைல பெரும்பாலும் அதை சொல்றதே இல்ல. நெறைய கார்ல ரேடார் முன் கிரில் லோகோவுக்குப் பின்னாடியோ கீழ் கிரில்லயோ இருக்கு, ஆயுத பூஜைக்கு அந்த லோகோ மேலயே சந்தனமும் குங்குமமும் அப்பி மாலையும் தொங்கவிட்டு அப்படியே ஊருக்கு கிளம்பிடுவோம். பூஜை கட்டாயம் போடுங்க, பொட்டை போனட் மேல வைங்க, கிளம்பும்போது அந்த மூடிய ஒரு ஈரத்துணியால துடைச்சிடச் சொல்லுங்க.

இதே "பெடஸ்ட்ரியன்"ங்கிற வார்த்தை எலக்ட்ரிக் கார்ல வந்தா மூணாவது அர்த்தம், அதையும் சுருக்கமா சொல்லிடறேன், வேற யாராவது குழம்பாம இருக்க. சத்தமே இல்லாம மெதுவா வர்ற வண்டி நடக்கிறவங்களுக்கு, முக்கியமா பார்வை இல்லாதவங்களுக்குத் தெரியணும்னு வெளிய ஒரு ஸ்பீக்கர் சத்தம் போடும், ஐரோப்பால 2019 ஜூலைலேர்ந்து புது மாடல்களுக்கு கட்டாயம், 20 கி.மீ வேகம் வரைக்கும், அந்த வேகத்துல குறைஞ்சது 56 டெசிபல். அந்த ஸ்பீக்கர் போச்சுன்னாலும் வார்னிங் வரும். உங்க செடானுக்கு இது பொருந்தாது.

சரி, வேலை முடியற வரைக்கும் நீங்க ஓட்டிட்டுத்தானே இருக்கணும். ஸ்கூல் தெருவுக்குள்ள 20க்கு மேல போகாதீங்க, பார்க் பண்ணின வேன், ஆட்டோ தாண்டும்போது பிரேக் மேல கால் இருக்கட்டும். பைபாஸ்ல நார்மலா ஓட்டலாம். வண்டிய வாட்டர் வாஷ் கொடுக்கிறதா இருந்தா பம்பர் கீழ பிரஷர் கன் அடிக்க வேணாம்னு சொல்லிடுங்க, கனெக்டர்தான்னா இன்னும் கெடும், கோளாறும் வந்து வந்து போய் கண்டுபிடிக்க கஷ்டமாயிடும்.

டேஷ்போர்டு மெசேஜை இக்னிஷன் போட்ட நிலைல முழுசா ஒரு போட்டோ, போனட் பின் ஓரம் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் கோடு நம்பரோட மறுபடி எழுதுங்கம்மா, அதுல சென்சார் பக்கம்னு இருந்தா எந்த கிளிப்லேர்ந்து பாக்கணும்னு உங்க பட்டறைக்காரருக்கு நானே படிப்படியா எழுதி அனுப்பறேன்.